திரும்பி வந்தவர்களே, வாய் திறந்து பேசுங்கள்



வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி, திரும்பி வந்தவன் என்ற முறையில் பேசச் சொன்னார்கள். நான் சவூதி அரேபியாவில், ஜுபைல் தொழில் நகரத்தில், பல ஆண்டுகள் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன். ஊர் திரும்பி, இந்தக் கடைத்தெருவில்தான் இன்றைக்கும் அதே வேலை பார்க்கிறேன். உங்களிடம் சொல்ல எனக்கு ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போய்த் திரும்பியவர்கள் இந்த இராமநாதபுரம் மாவட்டத்தில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். அந்த நாலு பேரும் அங்கே பார்த்ததை இங்கே சொல்வதில்லை. நாம் சொல்லாததற்கு அடுத்துப் போகிற பிள்ளை விலை கொடுக்கிறான். அந்த விலையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கடல் கடந்து போவது நமக்குப் புதிதா? நம்முடையது வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல். நிறையாவிட்டால் கருவேலங்கட்டையை வெட்டிக் கரிமூட்டம். அதிலும் வயிறு நிறையாவிட்டால் கப்பல். நம் அப்பத்தா காலத்தில் பர்மா, இலங்கை, மலேயா. 1973-ல் எண்ணெய் விலை ஏறி அரபு நாடுகளில் கட்டடமும் சாலையும் ஆலையுமாக எழும்பத் தொடங்கிய பிறகு சவூதி, குவைத், துபாய், கத்தார். 2015-ல் நடந்த தமிழ்நாடு இடப்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்றது. போகிறவர்களை எண்ணுகிறோம். அவர்கள் அனுப்புகிற பணத்தை எண்ணுகிறோம். சரி, திரும்பி வருகிறவர்களை என்ன செய்கிறோம்?

பர்மாவிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். 1962-ல் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964-ல் கடை கண்ணியெல்லாம் நாட்டுடைமை ஆயிற்று. உழைத்ததை விட்டுவிட்டு வெறுங்கையோடு கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கடை வீதியையே உண்டாக்கினார்கள். அந்தப் பர்மா பஜாருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கிறார்கள். அவர்கள் கொண்டு வந்த ருசியை ஊரே சாப்பிடுகிறது. அதே 1964-ல் போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத்திலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. நீலகிரித் தேயிலைக் காடுகளில் அவர்கள் வாழ்க்கை இன்றும் நம் கண்முன்னே நிற்கிறது.

சிங்கம்புணரியைச் சொல்லாமல் போக மாட்டேன். அன்றைக்கு அது நம் இராமநாதபுரம் மாவட்டம். அந்த ஊர்ப் பிள்ளை ப. சிங்காரம் இளம் வயதில் இந்தோனேசியாவின் மெடான் நகருக்குக் கடை வேலைக்குப் போனார். போர்க்காலத்தை அங்கே கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்று இரண்டு நாவல் எழுதினார். வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் எப்படி உட்கார்ந்திருந்தான், முதலாளி எந்தக் குரலில் பேசினார், தெருவில் என்ன சாப்பாடு விற்றது, குண்டு விழுந்த அன்று யார் எங்கே ஓடினார்கள் என்று அத்தனையையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்த ஒரே ஒரு மனிதர் வாய் திறந்தார்; மெடான் தமிழர்களின் ஒரு காலம் முழுசாக நமக்குக் கிடைத்தது.

நாம் என்ன கொண்டு வந்தோம்? கயிறு போட்டுக் கட்டி, கறுப்பு மையில் பேரும் ஊரும் எழுதிய அட்டைப்பெட்டி கொண்டு வந்தோம். அதற்குள்ளே கம்பளிப் போர்வை, பால் பவுடர் டப்பா, சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம், பிள்ளைகளுக்கு மிட்டாய், பெரியவர்களுக்குத் தைலம். பெட்டியைப் பிரித்து வீடு வீடாகப் பங்கு வைத்தோம். பார்த்ததையும் பட்டதையும் நெஞ்சுக்குள்ளே பூட்டி வைத்துக்கொண்டோம்.

இந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது? கேசட் காலத்தில் ஆரம்பித்தது என்று நான் நினைக்கிறேன். இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு அது தெரியாது. எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து ஊருக்கு டெலிபோன் பேசுவதென்றால் சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடும். கடிதம் எழுதினால் வாசிக்க ஆள் வேண்டும். அதனால் பேச்சைக் கேசட்டில் பதிந்து, லீவில் ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்புவார்கள். ஊரில் அதைப் போட்டுக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே வீட்டார் பதில் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஒருவர் பேச்சை அழித்து ஒருவர், அவர் பேச்சை அழித்து இவர். இப்படி அழித்து அழித்துப் பேசியதில் ஆயிரமாயிரம் குடும்பங்களின் பேச்சு மிச்சமில்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டில் மட்டும் ஒன்று தப்பியிருக்கிறது. தம்மாமில் இருந்த என் சித்தப்பா பேசிய கேசட். அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பின்னால் ஏசி இரைகிறது. யாரோ பாத்திரத்தை உருட்டுகிறார்கள். "அண்ணே, சோறு வடிச்சாச்சு" என்று ஒரு குரல் வருகிறது. சித்தப்பா அப்பத்தாவிடம் பேசுகிறார். கண்மாயில தண்ணி எம்புட்டு நிக்குது? செவலைப் பசு கன்னு போட்டுச்சா? தங்கச்சி கல்யாணக் கடனுக்கு வட்டி கட்டியாச்சா? மழை விழுந்துச்சா, இல்ல இந்த வருசமும் ஏமாத்திருச்சா? இடையில் இருமுகிறார். அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. "ஒண்ணுமில்லத்தா, இங்க குளிரு" என்கிறார். அவர் சிமெண்ட் மூட்டை இறக்குகிற வேலையில் இருந்தார் என்பது அவர் இறந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறார். தன் வேலையைப் பற்றி, தான் படுக்கிற இடத்தைப் பற்றி, தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டார் மனம் நோகக் கூடாது என்ற அன்புதான் காரணம். அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கேசட்டைச் சுற்றி உட்கார்ந்து கேட்ட பிள்ளைகள் என்ன நினைத்தார்கள்? அங்கே குளிர் அடிக்கிறது, ஏசி ஓடுகிறது, சோறு வெந்துவிட்டது, சித்தப்பா சுகமாக இருக்கிறார். நாமும் போக வேண்டும்.

அவர்கள் போனார்கள்.

திரும்பி வந்தவனை ஊர் எப்படி வரவேற்கிறது என்பதையும் சொல்கிறேன். இரண்டு கேள்விதான். "எப்ப வந்தே? எப்பப் போறே?" பஸ் ஸ்டாண்டில் கேட்பார்கள், டீக்கடையில் கேட்பார்கள், துக்க வீட்டில்கூடக் கேட்பார்கள். "அங்க என்னப்பா பாத்தே? எப்படி இருந்தே?" என்று கேட்டவர் உண்டா? இனிமேல் போகவில்லை என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறிவிடும். வேலை போய்விட்டதா, கேஸ் ஏதும் ஆகிவிட்டதா, உடம்புக்கு ஏதும் வந்துவிட்டதா என்று ஊர் தானாக ஒரு கதை கட்டும். ஊர் வாய்க்குப் பயந்து அவனும் வாய்விட்டுப் பேச மாட்டான். அடுத்த மாதம் போறேன், விசா வந்துகிட்டு இருக்கு என்று சொல்லிச் சொல்லியே வருசத்தைத் தள்ளியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது விலையைப் பார்ப்போம். முதலில் விசாவுக்குக் கொடுக்கிற பணம்.

வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற ஏஜென்ட், போகிறவரிடம் வாங்கலாம் என்று இந்தியச் சட்டம் அனுமதிக்கிற தொகை எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும். அவ்வளவுதான். இந்த அரங்கத்தில் வளைகுடா போய் வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களில் யார் 30,000 ரூபாய் கட்டிப் போனீர்கள்? நகையை அடகு வைத்து, நிலத்தை ஒத்திக்கு விட்டு, மாத வட்டிக்கு வாங்கி, லட்சக்கணக்கில் கட்டித்தானே போனோம்? முதல் ஒப்பந்தம் முடியும் வரை உழைத்தது யாருக்கு? வட்டிக்காரருக்கும் ஏஜென்டுக்கும்தான். இதை நாம் ஒவ்வொருவரும் அனுபவித்தோம். அனுபவித்தவர் தன் அடுத்த வீட்டுப் பையனிடம் சொன்னாரா? "எவ்வளவு கட்டுனீங்கண்ணே?" என்று அவன் கேட்டால், தொகையைச் சொன்னோம். அது சட்டத்துக்கு மேலே வாங்கிய பணம் என்று சொல்லவில்லை. அதனால் அவன் அதைத்தான் நியாயமான கட்டணம் என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து, ஃப்ரீ விசா. தம்பிமார்களே, இதைக் கவனமாகக் கேளுங்கள். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. ஒரு கஃபீல், அதாவது அங்கே உங்களுக்குப் பொறுப்பேற்கிற முதலாளி, தன்னிடம் வேலை இருப்பதாகக் காட்டி விசா எடுப்பார். அதை விற்பார். நீங்கள் போய் இறங்கினால் அவரிடம் வேலை இருக்காது. வெளியில் எங்காவது பார்த்துக்கொள், மாதாமாதம் எனக்கு இவ்வளவு கொடுத்துவிடு என்பார். வெளியில் வேலை பார்ப்பது அங்கே சட்டவிரோதம். என்றைக்காவது மனஸ்தாபம் வந்தால், ஆள் ஓடிவிட்டான் என்று அவர் அரசாங்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். ஹுரூப் என்பார்கள்; சவூதியில் இருந்த எல்லாருக்கும் அந்த வார்த்தை தெரியும். எங்கள் காலத்தில் அன்றோடு இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, செல்லாமல் போய்விடும். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது, பணம் அனுப்ப முடியாது, ஊருக்கு வரவும் முடியாது. 2013-ல் சவூதி அரசு சோதனையை இறுக்கியபோது இப்படி மாட்டிக்கொண்ட நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்று, அவுட்பாஸ் என்ற வெளியேறும் அனுமதிச்சீட்டு வாங்கி ஊர் திரும்பினார்கள். அதற்கு அடுத்த வருடமே நம் பக்கத்தில் ஃப்ரீ விசா மறுபடியும் விற்பனைக்கு வந்தது. எப்படி வந்தது? வரிசையில் நின்றவர்கள் ஊருக்கு வந்து, லீவில் வந்திருக்கிறேன் என்று சொன்னார்கள். அப்படித்தான் வந்தது.

இன்னொரு விலை, வேலையை முடித்துக் கிளம்பும்போது வர வேண்டிய பணம். சர்வீஸ் பணம் என்று சொல்வோம். சவூதிச் சட்டப்படி முதல் ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம். பத்தாண்டு வேலை பார்த்தால் ஏழரை மாதச் சம்பளம். ஆனால் நாமாக ராஜினாமா கொடுத்தால் கணக்கு வேறு. இரண்டாண்டுக்குள் என்றால் ஒன்றும் இல்லை. ஐந்தாண்டு வரை மூன்றில் ஒரு பங்கு. ஐந்திலிருந்து பத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. பத்தாண்டு முடிந்துவிட்டால் முழுப் பணம்.

எங்கள் அறையில் கமுதிப் பக்கத்து வெல்டர் ஒருவர் இருந்தார். அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நல்ல தொழிலாளி. குழாயின் அடிவயிற்றில் படுத்துக்கொண்டு அவர் போடுகிற பற்றவைப்பு, எக்ஸ்ரே எடுத்தாலும் குறை காட்டாது. மகளுக்கு வரன் கூடி வந்தது. பத்தாண்டு நிறைய இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்து அறையில் சொன்னார். அதிகாரிகள் யாரும் அவரிடம் விவரம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது தங்கள் வேலை என்று நினைக்கவும் இல்லை. அந்த இரண்டு மாதம் பொறுத்திருந்தால் இன்னும் ஏறக்குறைய இரண்டரை மாதச் சம்பளம் கையில் வந்திருக்கும். எத்தனை பவுன் அது! அவர் ஊரிலேயே சவூதியிலிருந்து கணக்கு முடித்து வந்தவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் டீக்கடையில் உட்கார்ந்து இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் போதும். எவ்வளவு கிடைத்தது என்று சொன்னால் கடன் கேட்பார்கள் என்று பயந்து, நாம் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

பணத்தை விடுங்கள். நாம் கற்றுக்கொண்டு வந்த தொழில் என்ன ஆயிற்று? எனக்கு மிகவும் வலிக்கிற இடம் இதுதான்.

ஜுபைலில் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கிற காலத்தை ஷட்டவுன் என்போம். ஆயிரக்கணக்கான ஆட்கள் இராப்பகலாக வேலை பார்ப்பார்கள். ஒரு மோட்டாரில் நான் கை வைக்க வேண்டும் என்றால் முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். நிறுத்தினால் மட்டும் போதாது. அந்த சுவிட்சில் என் பூட்டைப் போட வேண்டும். சிவப்புப் பூட்டு. ஒரே சாவி, அது என் சட்டைப்பையில் இருக்கும். பூட்டோடு ஓர் அட்டை தொங்கும். அதில் என் போட்டோ, என் பெயர், ஆள் வேலை செய்கிறார் கழற்றாதே என்ற எச்சரிக்கை. என்னோடு ஃபிட்டர் ஒருவர் வேலை பார்த்தால் அவருக்குத் தனிப் பூட்டு. நாலு பேர் என்றால் ஒரே கொக்கியில் நாலு பூட்டு. வேலை முடிந்ததும் அவரவர் பூட்டை அவரவர்தான் கழற்ற வேண்டும். பூட்டுப் போட்ட பிறகும், நிறுத்தின இடத்தில் மின்சாரம் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் கம்பியைத் தொட்டால் வேலையிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். உற்பத்தி நின்று லட்சக்கணக்கில் நஷ்டம் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய மேனேஜர் வந்து அவசரப்படுத்துவார். ஆனாலும் என் பூட்டைக் கழற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. முதுகுளத்தூர்ச் சீமையிலிருந்து போன ஒரு தொழிலாளியின் உயிருக்கு அந்தச் சிவப்புப் பூட்டு அப்படி ஒரு மரியாதை கொடுத்தது.

அந்த நாட்டின் குறைகளைச் சொல்கிற நான் இதையும் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட முதலாளிகளும் அங்கேதான் இருந்தார்கள். என் உயிருக்கு ஒரு பூட்டும் ஒரு சாவியும் தர வேண்டும் என்ற விதியும் அங்கேதான் இருந்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் ஆளை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டம் இருக்கிறது. நம் ஊர் அக்கினி நட்சத்திரத்தில் தார்ச்சாலை போடுகிற பெண்களுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டா?

ஊர் திரும்பிய பிறகு ஓர் அரிசி ஆலையில் பழுது பார்க்கப் போனேன். மெயினை நிறுத்திவிட்டு, ஒரு சாதாரணக் கதவுப் பூட்டை வாங்கி வரச் சொல்லி அதில் மாட்டினேன். பக்கத்தில் நின்ற பையன், "என்ன மாமா, யாரு வந்து திருடப் போறா?" என்று கேட்டான். அவனை உட்கார வைத்துச் சொன்னேன். நீ உள்ளே கை விட்டிருக்கும்போது வெளியே தெரியாத ஒருவன் வந்து சுவிட்சைத் தூக்கிவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, போன வருடம் அப்படித்தான் தன் சிநேகிதன் போய்விட்டான் என்றான். இன்றைக்கு அந்தப் பையன் தன் பையில் இரண்டு பூட்டு வைத்திருக்கிறான்.

நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இப்படிக் கற்றுக்கொண்டு வந்து சும்மா இருக்கிறார்கள்! உயரத்தில் வேலை பார்க்கத் தெரிந்த சாரக்காரர்கள், கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடித்தவர்கள், ஆயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் சமைத்துப் போட்ட சமையல்காரர்கள், எட்டு மொழிக்காரர்களை வைத்து வேலை வாங்கிய ஃபோர்மேன்கள். பங்களாதேஷ்காரரோடும் பட்டாணியரோடும் பிலிப்பைன்ஸ்காரரோடும் ஒரே அறையில் படுத்து, ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்து, சண்டையில்லாமல் வாழக் கற்றவர்கள். அவர்களை எந்தப் பள்ளிக்கூடமாவது, எந்தத் தொழிற்பயிற்சி நிலையமாவது ஒருநாள் கூப்பிட்டு மாணவர்கள் முன்னால் நிறுத்தியதுண்டா? சான்றிதழ் இல்லை என்று சொல்வார்கள். கையைப் பாருங்கள் ஐயா! அந்தக் கைக்கு வேறு சான்றிதழ் எதற்கு?

பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போய் வந்த சகோதரிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பள்ளிப் படிப்பு முடிக்காத பெண்கள் அப்படிப் போவதற்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று நம் அரசு விதி வைத்திருக்கிறது. அதை ஏமாற்ற, விசிட் விசாவில் துபாய்க்கு அனுப்பி அங்கிருந்து மாற்றிவிடுகிற ஏஜென்டுகள் உண்டு. தன் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு, யாரோ பெற்ற பிள்ளைக்குச் சோறு ஊட்டி வளர்த்துவிட்டு வந்த தாய்மார்கள் அவர்கள். ஆண் திரும்பி வந்தால் எப்போது போகிறாய் என்று கேட்கிற ஊர், பெண் திரும்பி வந்தால் கேட்காமலே பார்க்கிறது. அந்தப் பார்வைக்குப் பயந்து அவர்கள் நம்மைவிட இறுக்கமாக வாயை மூடிக்கொள்கிறார்கள். சம்பளம் கிடைக்காத மாதங்களை, செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்ட வீடுகளை, நல்லபடியாக நடத்திய எஜமானிகளையும்கூட அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. அவர்களைப் பேச வைக்க வேண்டும் என்றால் முதலில் நாம் அந்தப் பார்வையை விட வேண்டும். இதை ஆண்களிடம் கேட்கிறேன். கையெடுத்துக் கேட்கிறேன்.

இங்கேயே இருந்துவிட்ட மனைவிமார்கள்? பணம் அனுப்பியது நாம். வீடு கட்டியது அவர்கள். மணல் லோடு சரியாக வந்ததா என்று நின்று பார்த்து, கொத்தனாரோடு மல்லுக்கட்டி, தளத்துக்குச் சாயங்காலம் சாயங்காலம் தண்ணீர் விட்டு, பட்டா மாற்ற வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடி, மாமியாருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்தவர்கள். நாம் நிரந்தரமாக வந்து இறங்கியதும் வீட்டுத் தலைவன் வந்துவிட்டான் என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறோம். கரண்ட் பில் அட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் முடிவெல்லாம் நாம் எடுக்க வேண்டும். மகனுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமை போனில் வருகிற குரல். அந்தக் குரல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, ஏன் லேட்டு, எங்கே போனே என்று கேட்டால் அவன் மிரளத்தான் செய்வான். திரும்பி வந்தவர்களே, நீங்கள் முதலில் பேச வேண்டிய இடம் உங்கள் வீட்டுத் திண்ணை. அங்கே பட்டதை மனைவியிடம் சொல்லுங்கள். இங்கே பட்டதை அவர்களிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, வீட்டு நிர்வாகத்தை அவர்கள் கையிலேயே விட்டால்கூட ஒன்றும் குறைந்துவிடாது.

விரும்பி வந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். துரத்தப்பட்டு வந்தவர்களும் உண்டு. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் ராணுவம் குவைத்துக்குள் புகுந்தது. பாலைவனத்தைக் கடந்து ஜோர்தானின் அம்மானுக்கு வந்து சேர்ந்தவர்களை ஏர் இந்தியா 400-க்கும் மேற்பட்ட விமானங்களில் ஊர் கொண்டு வந்து சேர்த்தது. 1,70,000 பேருக்கு மேல். உடுத்திய துணியோடு வந்தவர்கள் அவர்கள். 2020-ல் கொரோனா வந்தபோது மே 7 அன்று தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் வேலையிழந்து வந்தவர்கள் எத்தனை பேர்! முகக்கவசத்தோடு வந்து இறங்கினார்கள், தனிமை முகாமுக்குப் போனார்கள், வெளியே வந்தபோது பலருக்குக் கம்பெனியே இல்லை. பாக்கிச் சம்பளம் என்ன ஆயிற்று என்று கேட்கக்கூட அவர்களுக்கு ஆள் இல்லை.

பேசவே முடியாமல் திரும்பி வந்தவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. தூக்கத்திலேயே புகையில் சிக்கினார்கள். இரண்டு நாள் கழித்து 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் வந்து இறங்கியது. அவர்களில் 7 பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். ஓர் அறையில் எத்தனை பேர் படுத்திருந்தார்கள், வெளியேற வழி எத்தனை இருந்தது என்று அதன் பிறகு எல்லாரும் கேட்டார்கள். அப்படிப்பட்ட அறைகளில் படுத்து எழுந்து வந்தவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறோமே! அடுக்குக் கட்டிலைச் சுற்றித் துணியைத் தொங்கவிட்டு அதையே வீடு என்று நினைத்துப் படுத்தோமே! வாசல் பக்கம் கேஸ் சிலிண்டர் இருந்ததை, ஜன்னலை அட்டை வைத்து அடைத்ததை முன்னாலேயே நாம் உரக்கச் சொல்லியிருக்க வேண்டாமா?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2021 முதல் வெளிநாடு போகிறவர்களுக்கென்று தனித் துறை இருக்கிறது. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். அந்த மேடையில் அமைச்சர்களுக்கும் தொழிலதிபர்களுக்கும் பக்கத்தில், கணக்கு முடித்து ஊர் திரும்பிய ஒரு வெல்டருக்கும், வீட்டு வேலை பார்த்துத் திரும்பிய ஒரு சகோதரிக்கும் நாற்காலி போட வேண்டும். அவர்கள் சொல்வதை அதிகாரிகள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அரசு வரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நம் ஊர் நூலகர் ஐயாவிடம் பேசிவிட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்தின் மாடி வாசிப்பறையைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். திரும்பி வந்த நாங்கள் சிலர் அங்கே உட்கார்ந்திருப்போம். சவூதிக்கு நான், குவைத், கத்தார், துபாய்க்கு ஆள் இருக்கிறார்கள், பெண்கள் வந்து தனியாகப் பேச ஒரு சகோதரி ஒத்துக்கொண்டிருக்கிறார். போகப் போகிற தம்பிமார்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். கட்டிய பிறகு வந்தால் எங்களால் ஆறுதல்தான் சொல்ல முடியும். விசா நகலையும் ஒப்பந்தத் தாளையும் கொண்டு வாருங்கள். ஏஜென்டின் பதிவு எண்ணை அரசு இணையதளத்தில் உங்கள் கண்முன்னேயே சரிபார்த்துவிடலாம். பள்ளிப் படிப்பு முடிக்காமல் போகிறவர்களுக்கு 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். இரண்டாண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய்தான். அதைப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்ப்போம். தமிழில் படித்துச் சொல்கிறோம். புரியாவிட்டால் மறுபடியும் சொல்கிறோம்.

திரும்பி வந்தவர்களே, நீங்களும் வாருங்கள். லீவு என்று சொல்லிக்கொண்டு வர வேண்டாம். பழைய இக்காமா, சம்பளச் சீட்டு, ஒப்பந்தம், டிரங்குப் பெட்டியின் அடியில் கேசட் கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள். பதிந்து வைக்க ஒரு தம்பி கம்ப்யூட்டரோடு இருப்பார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு. காலை பத்து மணி. மாடி வாசிப்பறை.